செஸ் போர்டில் 'ஈரல் வறுவல்': பத்தே மூவில் குழந்தைகளைக் கவிழ்க்கும் இத்தாலியப் பொறி

ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவு, முதல் சுற்று. நடுவர் கடிகாரத்தைத் தொடங்கச் சொல்லிப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கும் ஆட்டத்திலிருந்து ஒரு குழந்தை ஸ்கோர் ஷீட்டைக் கையில் பிடித்தபடி வெளியே வந்துவிடும். வாசலில் தண்ணீர் பாட்டிலோடு நிற்கும் அம்மாவுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். "என்னடா, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பரில் 18 வயது குகேஷ் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார். தமிழ்நாட்டில் வார இறுதியில் குழந்தையைச் செஸ் டோர்னமென்ட்டுக்குக் கூட்டிப்போவது இப்போது நீச்சல் கிளாஸ் போல ஆகிவிட்டது. அங்கே முதன்முதலாகப் போகும் குழந்தைகள் பலருக்கும் ஒரே மாதிரியான தோல்வி காத்திருக்கிறது. அதன் பெயர் 'ஃப்ரைட் லிவர் அட்டாக்'. நேரடியாகச் சொன்னால், ஈரல் வறுவல் தாக்குதல்.

பெயர் வேடிக்கை. ஆனால் தோற்கும் குழந்தைக்கு அது வேடிக்கை இல்லை. ஏனென்றால் அந்தக் குழந்தை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எந்தத் தப்பும் செய்திருக்காது. கிளாஸில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்திருக்கும்.

எப்படி என்று பார்க்க ஒரு போர்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போன் ஆப் இருந்தாலும் போதும்.

நான்கு மூவ் வரை எல்லாம் நலம்

வெள்ளை முதலில் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை ஈ4-க்குத் தள்ளுகிறது. கறுப்பும் அதே மாதிரி ஈ5. வெள்ளை குதிரையை எஃப்3-க்குக் கொண்டுவந்து அந்தச் சிப்பாயைக் குறிவைக்கிறது. கறுப்பு தன் குதிரையை சி6-ல் வைத்துக் காக்கிறது. மூன்றாவதாக வெள்ளை பிஷப் சி4-க்கு வருகிறது. கறுப்பு இரண்டாவது குதிரையை எஃப்6-க்கு எடுத்து ஈ4 சிப்பாயைத் தாக்குகிறது. இரண்டு குதிரைகளும் வெளியே வந்துவிட்டதால் இதற்கு 'டூ நைட்ஸ் டிஃபென்ஸ்' என்று பெயர்.

இதுவரை எந்த கோச்சும் குறை சொல்ல மாட்டார். நடுப்பகுதியைப் பிடி, குதிரையையும் பிஷப்பையும் சீக்கிரம் வெளியே எடு, ராஜாவைப் பத்திரமாக வை என்பதுதான் எல்லா கிளாஸிலும் முதல் பாடம். கறுப்பு ஆடும் குழந்தை அதை எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறது.

நான்காவது மூவில் வெள்ளை அந்தப் பாடத்தை மீறுகிறது. ஏற்கெனவே நகர்த்திய குதிரையையே மறுபடியும் தூக்கி ஜி5-ல் வைக்கிறது. சி4 பிஷப், ஜி5 குதிரை இரண்டும் பார்ப்பது ஒரே கட்டத்தை: எஃப்7.

ஆட்டம் தொடங்கும்போது கறுப்பின் சிப்பாய்களில் ராஜாவைத் தவிர வேறு யாரும் காவல் இல்லாத ஒரே சிப்பாய் இந்த எஃப்7-தான். மற்ற எல்லாவற்றையும் ராணியோ, யானையோ, பிஷப்போ, குதிரையோ பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டின் முன்கதவுக்கு மூன்று பூட்டு போட்டுவிட்டுக் கொல்லைக் கதவை வெறும் தாழ்ப்பாளோடு விட்ட கதை. பல குழந்தைகள் முதலில் கற்றுக்கொள்ளும் நான்கு மூவ் செக்மேட்டும் இதே கட்டத்தைத்தான் குறிவைக்கிறது. ஈரல் வறுவல் அதற்கு அடுத்த வகுப்பு.

சரி, கறுப்பு என்ன செய்யலாம்? குதிரையை விரட்டுவோம் என்று ஹெச்6 சிப்பாயைத் தள்ளினால் ஆட்டம் அங்கேயே கோவிந்தா. குதிரை எஃப்7-ஐ அடித்து ராணியையும் யானையையும் ஒரே நேரத்தில் தாக்கும். அதனால் கொஞ்சம் கற்ற குழந்தை பிஷப்பின் பாதையை மறிக்க டி5 என்று சிப்பாயைத் தள்ளும். மிகச் சரியான மூவ். வெள்ளைச் சிப்பாய் அதை அடிக்கும்.

தப்பு நடப்பது ஐந்தாவது மூவில்.

டி5-ல் ஒரு வெள்ளைச் சிப்பாய் நிற்கிறது. எஃப்6 குதிரையால் அதை அடிக்கலாம். அடித்தால் சிப்பாய்க்குச் சிப்பாய், கணக்கு நேர். குதிரையும் போர்டின் நடுவில் கம்பீரமாக உட்காரும். எட்டு வயதுக் குழந்தை என்ன, ஆபீஸ் இடைவேளையில் ஆடும் முப்பது வயதுக்காரரும் யோசிக்காமல் செய்யும் மூவ் இது. பொறியின் வாய் திறந்திருப்பதும் அங்கேதான்.

ஆறாவது மூவ்: வெள்ளைக் குதிரை எஃப்7-ல் குதிக்கிறது. ராணி, யானை இரண்டும் ஆபத்தில். ராஜாவால் அந்தக் குதிரையை அடிக்க முடியும், அடித்தாக வேண்டிய நிலைதான். ஒரு குதிரை சும்மா கிடைத்த சந்தோஷத்தில் கறுப்பு அடிக்கும். அடுத்து வெள்ளை ராணி எஃப்3-ல் வந்து செக் சொல்லும். அதே ராணி டி5 குதிரையையும் சேர்த்துத் தாக்குகிறது. அந்தக் குதிரையோ, பிஷப்புக்கும் தன் ராஜாவுக்கும் நடுவே மாட்டிக்கொண்டதால் அசைய முடியாது.

பயந்த குழந்தை ராஜாவைப் பின்னுக்கு இழுத்து ஜி8-ல் வைக்கும். ராஜா ஒளிய வேண்டும் என்பதுதானே பாடம்? வெள்ளை பிஷப் டி5 குதிரையை அடித்து செக். கறுப்பு ராணி பிஷப்பை அடிக்கும். வெள்ளை ராணி கறுப்பு ராணியை அடித்து மறுபடி செக். குறுக்கே போட மிச்சம் இருப்பது ஈ6-ல் ஒரு பிஷப். அதையும் ராணி அடித்தால் செக்மேட். எண்ணிப் பாருங்கள், சரியாகப் பத்தாவது மூவ்.

ராஜாவை வெளியே இழுக்கும் வழி

டி5 குதிரையைக் காப்பாற்ற ஒரே வழி, ராஜாவே முன்னேறி ஈ6-க்கு வருவது. அதாவது எட்டாவது மூவுக்குள் ராஜா போர்டின் நடுவில், எதிரி ராணி பிஷப்புக்கு எதிரே. வெள்ளை இரண்டாவது குதிரையை சி3-க்குக் கொண்டுவந்து, டி5 மேல் மூன்றாவது ஆளாக அழுத்தம் கொடுக்கும். கறுப்பு சி6 குதிரையைத் துணைக்குக் கூப்பிட்டுத் தாக்குப்பிடிக்கப் பார்க்கும். கைக்கணக்கில் கறுப்பிடம் ஒரு குதிரை கூடுதல். ஆனால் ராஜா நடுத்தெருவில் நிற்கிறார்.

இங்கே சொல்ல வேண்டிய ஒன்று: இது வெள்ளைக்கு நிச்சய வெற்றி இல்லை. கறுப்பு ஒவ்வொரு மூவையும் சரியாக ஆடினால் நெடுநேரம் நிற்கலாம். ஆறாவது மூவில் குதிரையைப் பலிகொடுப்பதைவிட டி4 சிப்பாயைத் தள்ளுவது இன்னும் வலுவானது என்று கருதும் ஆட்டக்காரர்களும் உண்டு. அதற்கு 18-ம் நூற்றாண்டு இத்தாலியர் லோலியின் பெயர். ஆனால் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ராஜாவை நடுவில் வைத்துக் காப்பாற்றும் பொறுமை ஒன்பது வயதில் யாருக்கு இருக்கும்? பொறி வேலை செய்வது கணக்கால் பாதி, பதற்றத்தால் பாதி.

அந்தப் பதற்றத்தை டோர்னமென்ட் விதிகள் இன்னும் கூட்டும். வீட்டில் தாத்தாவோடு ஆடும்போது "ஐயோ, வெச்சது வெச்சதில்ல" என்று திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இங்கே தொட்ட காயை ஆடியே தீர வேண்டும். விதிக்குப் புறம்பான மூவ் ஆடினால் எதிராளிக்கு இரண்டு நிமிஷம் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டாவது முறை செய்தால் ஆட்டமே போய்விடும். செக்கில் இருப்பதைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்துவதும் இதில் சேரும். ராணி எஃப்3-ல் செக் சொன்ன பரபரப்பில் இது நடப்பது சகஜம்.

400 வருஷப் பழைய சமையல்

ஈரலுக்கும் செஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்? இத்தாலியில் 'ஃபெகடெல்லோ' என்றால் கொழுப்புச் சவ்வில் சுற்றிச் சமைக்கும் பன்றி ஈரல் துண்டு. 'ஃபெகடெல்லோ மாதிரி செத்தான்' என்று அங்கே ஒரு பேச்சு வழக்கு உண்டு. பொறியில் சிக்கிய ராஜாவின் கதி அது என்று கேலியாக வைத்த பெயர், ஆங்கிலத்தில் ஃப்ரைட் லிவர் ஆகிவிட்டது.

இந்த ஆட்டத்தின் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று இத்தாலியர் ஜூலியோ செசாரே பொலேரியோவுடையது. சுமார் 1610, ரோம். எதிராளி பெயர் டொமெனிகோ என்று மட்டும் இருக்கிறது. மேலே சொன்ன அதே மூவ்கள்தான். டொமெனிகோவும் ஐந்தாவது மூவில் குதிரையால் சிப்பாயை அடித்தார், ராஜாவை ஈ6-க்குக் கொண்டுவந்தார், சி6 குதிரையை ஈ7-க்கு இழுத்துக் காவல் போட்டார். 21 மூவில் ஆட்டம் முடிந்தது. ஆக, பள்ளிக் கலையரங்கத்திலிருந்து கண்ணீரோடு வெளியே வரும் குழந்தை தோற்றது நானூறு வருஷம் முன்னால் ஒரு பெரிய மனிதர் தோற்ற அதே இடத்தில்தான். கொஞ்சம் ஆறுதல்.

பெரிய ஆட்டக்காரர்கள் இந்த ஜி5 குதிரையை மதித்தார்களா என்றால், எல்லோரும் இல்லை. ஜெர்மனியின் பெரிய மேதை டாராஷ் இதைக் கத்துக்குட்டி மூவ் என்று ஒதுக்கினார். ஒரே காயை இரண்டு தடவை ஆடி, மற்ற காய்களை வீட்டிலேயே தூங்கவிட்டு ஒரு சிப்பாய்க்காக ஓடுவது அவருடைய கொள்கைக்கே எதிரானது. ஆனால் முதல் உலக சாம்பியன் ஸ்டைனிட்ஸ் இதே மூவைத் துணிந்து ஆடினார். 1890-91-ல் ரஷ்யாவின் சிகோரினோடு தந்தி மூலம் நடந்த ஆட்டத்தில், ஒன்பதாவது மூவில் துரத்தப்பட்ட குதிரையை யாரும் வைக்கத் தயங்கும் ஹெச்3 மூலையில் வைத்தார். அந்த ஆட்டத்தில் தோற்றார். எழுபது வருஷத்துக்கு மேல் கழித்து, 1963-ல் பாபி ஃபிஷர் பிஸ்கியருக்கு எதிராக அதே ஹெச்3 மூவைத் தூசி தட்டி எடுத்து ஆடி ஜெயித்தார். கத்துக்குட்டி மூவ் என்ற பட்டம் அதன்பின் அவ்வளவாக ஒட்டவில்லை.

இன்னொரு ஆட்டத்தையும் சொல்லாமல் விட மனசில்லை. 1890-ல், இன்றைய செக் குடியரசில், டிராக்ஸ்லர் என்பவர் கறுப்பு ஆடினார். பின்னாளில் பாதிரியாராக அறியப்பட்டவர். ஜி5-க்குக் குதிரை வந்ததும் அவர் எஃப்7-ஐக் காக்கவே இல்லை. தன் பிஷப்பை சி5-க்கு எடுத்தார். எதிராளி எஃப்7-ஐ அடித்ததும், இவர் அந்தப் பக்கத்து எஃப்2 சிப்பாயைப் பிஷப்பால் அடித்து செக் கொடுத்தார். பிறகு தன் ராணியையே இழந்து, வெள்ளை ராஜாவை போர்டின் மறுபக்கம் வரை துரத்திக்கொண்டுபோய், 17-வது மூவில் ஒரு சாதாரணச் சிப்பாயால் செக்மேட் செய்தார். ஈரலை வறுக்க வந்தவரே வறுபட்ட கதை. இதை முன்தயாரிப்பு இல்லாமல் ஒன்பது வயதில் முயல வேண்டாம். போர்டில் ஆடிப் பார்த்து ரசிக்கலாம்.

முதல் சுற்றிலேயே ஏன்?

புதிதாக வரும் குழந்தை முதல் ஆட்டத்திலேயே இப்படி மாட்டுவதற்குக் காரணம் கெட்ட நேரம் இல்லை, பேரிங் முறை. பெரும்பாலான டோர்னமென்ட்கள் சுவிஸ் முறையில் நடக்கின்றன. யாரும் வெளியேற்றப்பட மாட்டார்கள்; ஒரே அளவு புள்ளி எடுத்தவர்கள் ஒருவரோடொருவர் மோதுவார்கள். ஆனால் முதல் சுற்றில் எல்லோருக்கும் பூஜ்யம்தான். அதனால் ரேட்டிங் வரிசையில் பட்டியலை இரண்டாக வெட்டி, மேல் பாதியை கீழ் பாதியோடு மோதவிடுவார்கள். நூறு பேர் இருந்தால் 1-வது ஆளுக்கு 51-வது ஆள். ரேட்டிங்கே இல்லாத புதுக் குழந்தை கீழ் பாதியில் இருக்கும். எதிரே உட்காருவது ஏற்கெனவே பல டோர்னமென்ட் பார்த்த பிள்ளை. பொறி அதன் கையில் தயாராக இருக்கும்.

இது தெரியாத பெற்றோர், முதல் சுற்று முடிந்ததும் முடிவுக்கு வந்துவிடுவார்கள். அதுவும் இப்படித்தான் தொடங்கும்:

"எத்தனை மூவ்ல தோத்த?"

"பத்துப்பா."

"பத்தா! கிளாஸ்ல என்னதான் சொல்லிக்குடுக்குறாங்க?"

"அவன் குதிரையைச் சும்மா குடுத்தான்பா. நான் எடுத்தேன்."

கடைசி வரியை நின்று கேட்டால், பிரச்சினை என்ன என்பது அதிலேயே இருக்கிறது. குழந்தை சோம்பேறித்தனமாக ஆடவில்லை. 'சும்மா கிடைப்பது ஏன் சும்மா கிடைக்கிறது' என்ற கேள்வியை இன்னும் கேட்கப் பழகவில்லை, அவ்வளவே. இரண்டாவது சுற்றில் தன்னைப் போலவே தோற்ற இன்னொரு குழந்தையோடு ஆட்டம். மூன்றாவதில் ஓரளவு சமமான எதிராளி. சுவிஸ் முறையின் அழகு அதுதான். உண்மையான போட்டி இரண்டு மூன்று சுற்று கழித்துத்தான் தொடங்குகிறது. முதல் சுற்றோடு குழந்தையை வீட்டுக்குக் கூட்டிப்போகிறவர்கள் டிக்கெட் வாங்கி ட்ரெய்லர் மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போகிறவர்கள்.

ரேட்டிங் பயமும் தேவையில்லை. ரேட்டிங் இல்லாத குழந்தைக்கு இழப்பதற்கு எதுவும் இல்லை. 2024 மார்ச் முதல் ஃபிடே ரேட்டிங்கின் அடிமட்டம் 1400. ரேட்டிங் வந்த பிறகும் 18 வயதுக்குக் கீழ், 2300-ஐத் தொடாதவர்களுக்குக் கணக்கில் பெருக்கல் எண் 40. சம பலம் உள்ளவரிடம் ஒரு ஆட்டம் தோற்றால் 20 புள்ளி போகும், ஜெயித்தால் 20 வரும். ஏற்ற இறக்கம் வேகமாக இருக்கும்படி வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள், வளரும் பிள்ளைகளுக்கு ரேட்டிங்கும் வேகமாக ஓட வேண்டும் என்று.

பொறி வைப்பவருக்கும் பொறி

கோச்கள் இதில் இரண்டு கட்சி. குழந்தைக்கு ஜெயிக்கும் ருசி வேண்டும், நாலு பொறி சொல்லிக்கொடுத்தால் ஆர்வம் வரும் என்பது ஒரு கட்சி. பொறி பழகிய பிள்ளை யோசிக்கப் பழகாது என்பது மற்றது. முதல் கட்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. செக்மேட்டின் சந்தோஷம் இல்லாமல் எட்டு வயதுப் பிள்ளையை மூன்று மணி நேரம் உட்கார வைக்க முடியாது. ஆனால் பொறியைப் பாதி மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளையின் நிலைமை, மாட்டிய பிள்ளையைவிட மோசம்.

ராணி எஃப்3 செக் வரை மட்டும் யூடியூபில் பார்த்த பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். எதிராளி பயந்து ராஜாவை ஜி8-க்கு இழுப்பார் என்று காத்திருக்கிறது. அவரோ ஈ6-க்கு வந்துவிட்டார். இப்போது சி3-க்குக் குதிரையைக் கொண்டுவந்து பொறுமையாக அழுத்த வேண்டும். ஆனால் வீடியோவில் பிஷப் குதிரையை அடித்ததே ஞாபகம். பிஷப் அடிக்கும், ராணி திருப்பி அடிக்கும், ராணிக்கு ராணி போகும், ராஜாவே கடைசி அடியை அடித்து டி5-ல் நிற்பார். ராணிகள் இல்லாத போர்டில் அந்த ராஜாவுக்கு இனி பெரிய ஆபத்து இல்லை. வெள்ளையிடம் ஒரு காய் குறைவு, பதிலுக்கு ஒரே ஒரு சிப்பாய். தாக்குதல் புஸ்ஸென்று போய்விட்டது.

தற்காப்பு ஆடும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது அதிகமில்லை. ஐந்தாவது மூவில் டி5 சிப்பாயை அடிக்கக் கையை நீட்டாமல், சி6 குதிரையை ஓரத்தில் இருக்கும் ஏ5-க்கு எடுத்துப் பிஷப்பைத் தாக்கச் சொல்லுங்கள். ஓரக் குதிரை உதவாது என்பார்கள், இங்கே உதவும். பிஷப் பி5-க்குப் போய் செக் சொல்லும், சி6 சிப்பாயால் மறிக்கலாம், சிப்பாய்கள் அடிபட்ட பிறகு பிஷப் பின்வாங்கியாக வேண்டும், ஹெச்6 தள்ளினால் ஜி5 குதிரையும் ஓடியாக வேண்டும். கறுப்புக்கு ஒரு சிப்பாய் நஷ்டம்தான். ஆனால் வெள்ளைக் காய்கள் திரும்ப வீட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது கறுப்பு தன் காய்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவரும். ஃபிஷருக்கு எதிராக பிஸ்கியர் ஆடியதும் இதே வழிதான்.

இவ்வளவும் வேண்டாம், முதல் டோர்னமென்ட்டுக்குச் சுலபமாக ஒன்று போதும் என்றால், மூன்றாவது மூவிலேயே மாற்றிக்கொள்ளலாம். எஃப்6-க்குக் குதிரையை எடுப்பதற்குப் பதில் பிஷப்பை சி5-க்கு எடுக்க வேண்டும். கறுப்பு ராணிக்கு டி8-லிருந்து ஜி5 வரை குறுக்குப் பாதை இப்போது திறந்தே கிடக்கும். அப்போதும் வெள்ளை பழக்க தோஷத்தில் குதிரையை ஜி5-க்குக் கொண்டுவந்தால், ராணி நேராகப் போய் அதை எடுத்துக்கொள்ளும். இந்த முறை அது உண்மையிலேயே சும்மா கிடைக்கும் குதிரை.